ஸ்பீடுவே கழகங்களின் நிதிநிலையும் விற்பனை மதிப்பும்

ஸ்பீடுவே கழகம் என்பது நீள்வட்ட மண் தடத்தில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில், ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய அணியைக் களமிறக்கும் நிறுவனம் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இக்கழகங்களில் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமானவை. எனவே அவை அவ்வப்போது விற்கப்படுகின்றன, வாங்கப்படுகின்றன. ஆனால் அவ்வாறு விற்கப்படும்போது உண்மையில் கைமாறுவது எது என்பது எளிதில் விடைகூற முடியாத கேள்வி. பெரும்பாலான கழகங்களுக்குச் சொந்த அரங்கம் இல்லை. வீரர்கள் சுயதொழில் புரிவோர். வண்டிகளும் வீரர்களுக்கே சொந்தம். எஞ்சுவது ஓர் உரிமமும் ஒரு பெயரும் சில வீரர்களின் பதிவுகளும் மட்டுமே. 2018 முதல் 2023 வரையான காலத்தில் பிரித்தானியாவில் வாகையர் பட்டம் வென்ற மூன்று கழகங்கள் தம் தடங்களை இழந்தன அல்லது மூடப்பட்டன. பட்டமும் மதிப்பும் ஏன் ஒன்றோடொன்று தொடர்பின்றிப் போயின என்பதை விளங்கிக்கொள்ள, இவ்விளையாட்டின் வரவு செலவு முறையை அறிவது அவசியமாகும்.

விளையாட்டின் அமைப்பு

ஸ்பீடுவே பந்தயத்தின் ஒவ்வோர் ஓட்டத்திலும் நான்கு வீரர்கள், அணிக்கு இருவராக, தடத்தை நான்கு முறை இடஞ்சுழியாகச் சுற்றி வருவர். வண்டிகள் 500 சிசி கொள்ளளவுடைய ஒற்றை உருளை எந்திரம் பூட்டப்பட்டவை. மெத்தனால் எரிபொருளில் இயங்குபவை. அவற்றில் தடுப்பான் (பிரேக்) கிடையாது. முதலாவதாக வருபவருக்கு 3 புள்ளிகள், அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு எதுவுமில்லை. பிரித்தானிய லீக் ஆட்டம் ஒன்று வழக்கமாக 15 ஓட்டங்களைக் கொண்டது; அணிக்கு எழுவர். ஆகவே ஓர் இரவில் இரு அணிகளும் பகிர்ந்துகொள்ளும் புள்ளிகள் மொத்தம் 90 ஆகும். இந்த எண்ணை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். கழகத்தின் செலவுக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகின்றது.

பிரித்தானியாவில் கழகத்தை நடத்துபவர் 'அமைப்பாளர்' எனக் குறிப்பிடத்தக்கவர். கால்பந்துக் கழகத்தின் தலைவரைப் போன்றவரல்லர் இவர். நாடகக் குழுவை ஊர் ஊராக நடத்திய முதலாளியை ஒத்தவர் எனலாம். அரங்கை வாடகைக்குப் பிடிப்பது, வீரர்களை ஒப்பந்தம் செய்வது, நுழைவுச்சீட்டு விற்பது, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது யாவும் அவர் பொறுப்பு. அமைப்பாளர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கமே லீக்கை நடத்துகின்றது. விளையாட்டின் விதிகளுக்கும் உரிமங்களுக்கும் ஸ்பீடுவே கட்டுப்பாட்டுப் பணியகம் பொறுப்பாகும்.

வரலாற்றுப் பின்னணி

இவ்விளையாட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்தது. நியூ சவுத் வேல்சின் மேற்கு மெயிட்லாந்தில் 1923 இறுதியில் நடந்த பந்தயம் அதன் தொடக்கமாகப் பலராலும் சொல்லப்படுகின்றது. பிரித்தானியாவில் 1928 பெப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச் என்னுமிடத்தில் நடந்த பந்தயமே முதலாவதாகப் பொதுவாக ஏற்கப்படுகின்றது. எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மக்கள் திரண்டனர். அடுத்த ஆண்டே லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள் இதன் பொற்காலம். இலண்டனின் வெம்பிளி, வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், மான்செஸ்டரின் பெல் வியூ ஆகிய இடங்களில் பல்லாயிரக்கணக்கானோர் வாரந்தோறும் கூடினர். ஆனால் இந்தக் கூட்டத்தின் பணம் முழுவதும் கழகங்களுக்குச் சேரவில்லை. அக்காலப் பொழுதுபோக்கு வரி, மனிதர் நேரடியாக ஆடும் கால்பந்து, கிரிக்கெட் போன்றவற்றுக்குக் குறைவாகவும், இயந்திரமும் விலங்கும் போட்டியிடும் பந்தயங்களுக்கு மிகுதியாகவும் விதிக்கப்பட்டது. கைப்பிடியைப் பற்றி வண்டியைச் சறுக்கவிடும் வீரனின் திறமை வரி அலுவலரின் கண்ணுக்குத் தெரியவில்லை போலும். தொலைக்காட்சியும் வந்துசேரவே 1950களின் நடுப்பகுதியில் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

1960இல் தொடங்கிய மாகாண லீக் விளையாட்டுக்குப் புத்துயிர் அளித்தது. இரு லீக்குகளுக்கும் இடையே எழுந்த பிணக்கு 1964இல் ஷாகிராஸ் விசாரணைக்கு இட்டுச்சென்றது. அதன் பின் 1965இல் 18 கழகங்களுடன் பிரித்தானிய லீக் உருவானது. அமைப்பாளர் சங்கமும் அப்போதே தோன்றியது. இன்றளவும் நீடிக்கும் பொருளாதார அமைப்பின் அடித்தளம் இங்கே இடப்பட்டது. லீக்கில் இடம் என்பது களத்தில் வென்று பெறுவது மட்டுமன்று. சங்கத்தில் உறுப்புரிமை பெற்று அடைவது. உறுப்புரிமைக்கு விலையுண்டு.

ஒரு பந்தய இரவின் கணக்கு

கழகங்களின் கணக்கேடுகள் பொதுவாக வெளியிடப்படுவதில்லை. எனினும் முறை எல்லாக் கழகங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், கற்பனையான எண்களைக் கொண்டு அதனை விளக்கலாம். கீழே தரப்படும் தொகைகள் எந்தக் கழகத்துக்கும் உரியவையல்ல.

ஒரு கழகத்தின் சொந்தத் தட ஆட்டத்துக்கு 900 பேர் வருவதாகவும், சிறுவர் சலுகை போன்றவற்றைக் கழித்து சராசரி நுழைவுக் கட்டணம் 18 பவுண்டு எனவும் கொள்வோம். வசூல் 16,200 பவுண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 2011 முதல் மதிப்புக் கூட்டு வரி 20 விழுக்காடு. அது கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2,700 பவுண்டு, அரசுக்குப் போய்விடும். மீதி 13,500. ஓர் இரசிகரிடமிருந்து கழகத்தின் கைக்கு வருவது 15 பவுண்டு.

இனிச் செலவு. வீரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் பணம். தன் அணித் தோழனுக்கு உடனடுத்து, எதிரணி வீரர் ஒருவரையாவது முந்தி வருபவருக்கு ஊக்கப் புள்ளி ஒன்றும் உண்டு, அதற்கும் பணம். பருவத் தொடக்கத்தில் ஒப்பந்தத் தொகை தனி. நம் கழகம் சொந்தத் தடத்தில் 48 புள்ளிகளும் 6 ஊக்கப் புள்ளிகளும் எடுத்து வெல்கின்றது. வெளியூரில் 42 புள்ளிகளும் 4 ஊக்கப் புள்ளிகளும் எடுத்துத் தோற்கின்றது எனலாம். ஆக 100 புள்ளிகள். புள்ளிக்கு எல்லாம் சேர்த்துச் சராசரி 70 பவுண்டு என வைத்தால் 7,000 பவுண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, வெளியூர் ஆட்டத்தில் கழகத்துக்கு வரவே இல்லை என்பது. நுழைவுக் கட்டணம் அந்த ஊர்க் கழகத்துக்கு. தன் வீரர்களுக்கான கூலி தன் பையிலிருந்து. அரங்க வாடகை, மருத்துவரும் அவசர ஊர்தியும், நடுவர், தடம் பேணுவோர், காப்புறுதி, காவல் ஆகியவற்றுக்கு 5,000 பவுண்டு எனக் கொண்டால், ஒரு சொந்த ஆட்டமும் ஒரு வெளியூர் ஆட்டமும் சேர்ந்த இணைக்கு மிஞ்சுவது 1,500 பவுண்டு.

அதே இரவில் வானம் கறுத்து 900 பேருக்குப் பதிலாக 700 பேர் வந்தால் 1,500 பவுண்டு இழப்பு. இலாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையே நிற்பது இருநூறு பேர். முற்றாக மழை பெய்து ஆட்டம் கைவிடப்பட்டால் வசூல் கிடையாது. மருத்துவருக்கும் அவசர ஊர்திக்கும் செய்த ஏற்பாடு வீண். நடத்தப்படாத ஆட்டத்தை வேறொரு நாளில் வைத்தால், அதே வாரத்தில் இருமுறை கட்டணம் செலுத்த எத்தனை பேர் முன்வருவர் என்பது வேறு கேள்வி.

இந்தக் கணக்கில் ஒரு விந்தை பொதிந்துள்ளது. அணி எவ்வளவு நன்றாக ஆடுகின்றதோ அவ்வளவுக்கு அமைப்பாளர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். 60க்கு 30 என்ற வெற்றி, 46க்கு 44 என்ற வெற்றியைவிடச் செலவு மிக்கது; அதேவேளை பார்வையாளருக்குச் சுவையற்றது. ஆகையால் அமைப்பாளருக்கு உகந்தது கடைசி ஓட்டம் வரை இழுபறியாக நின்று, நூலிழையில் வெல்லும் அணியே. வீரர்களின் சராசரிப் புள்ளிகளைக் கூட்டி, அணியொன்று குறித்த வரம்பைத் தாண்டக்கூடாது என லீக் விதிப்பதற்கு ஆட்டச் சமநிலை மட்டுமன்றி இச்செலவும் காரணமாகும். இதன் விளைவாக, ஓராண்டு சிறப்பாக ஆடிய அணியை அடுத்த ஆண்டு அப்படியே வைத்திருக்க இயலாது. தங்கள் வீரரைப் பிரிய நேரும் இரசிகர்களின் மனக்குறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுவதும் இதனால்தான்.

தொலைக்காட்சி வருவாய் இக்கணக்கைத் தலைகீழாக்கவில்லை. 2000களில் ஸ்கை ஸ்போர்ட்சும் 2017 முதல் பிடி ஸ்போர்ட்டும் உயர்மட்ட லீக்கை ஒளிபரப்பின. அப்பணம் உதவியதே தவிர, வாயிலில் வரும் கூட்டத்துக்கு ஈடாகவில்லை. உயர்மட்ட லீக்கில் பலமுறை பட்டம் வென்ற பூல் கழகம் 2019 இறுதியில் தானாகவே இரண்டாம் மட்டத்துக்கு இறங்க முடிவு செய்தது, மேல்மட்டச் செலவு பற்றிய ஒரு கழகத்தின் மதிப்பீடாகக் கொள்ளத்தக்கது. 2020ஆம் ஆண்டுப் பருவம் கோவிட்-19 காரணமாகப் பிரித்தானியாவில் நடைபெறவே இல்லை. வாயில் வசூலை நம்பியவர்களுக்கு வாயில் ஓராண்டு முழுவதும் மூடிக் கிடந்தது.

விற்பனைக்கு வருவது எது

மேற்கண்ட எண்களின்படி ஒரு பருவத்தில் பன்னிரண்டு இணைகள் எல்லாம் நன்றாக நடந்தால் ஆண்டு மிச்சம் 18,000 பவுண்டு. இரண்டு மழை நாட்கள் அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். வருவாயை அடிப்படையாகக் கொண்டு விலை கணிக்கும் எந்த வணிகரும் இதற்குப் பெருந்தொகை தரமாட்டார். எனவே ஸ்பீடுவே கழகத்தின் விலை வேறு உறுப்புகளால் ஆனது.

முதலாவது, லீக்கில் பங்குகொள்ளும் உரிமை. இதனுடன் சங்கத்தில் செலுத்தவேண்டிய வைப்புத்தொகையும் சேர்ந்தே வருகின்றது. கழகம் இடைநடுவே முறிந்தால் வீரர்களுக்கான பாக்கியை ஓரளவுக்கேனும் அதிலிருந்து ஈடுசெய்யலாம். இரண்டாவது, வீரர்களின் பதிவு. பிரித்தானிய ஸ்பீடுவேயில் வீரர் ஒருவரைப் பதிவு செய்த கழகம் அவரைத் தன் 'சொத்து' எனவே அழைத்துவந்துள்ளது. அவர் வேறு கழகத்துக்கு ஆடினால் அக்கழகம் கடன் கட்டணம் செலுத்தும். ஆண்டுக்கணக்காகத் தன் அணியில் ஆடாத வீரருக்காகவும் ஒரு கழகம் கட்டணம் பெறுவதுண்டு. கால்பந்தில் 1995ஆம் ஆண்டின் பொஸ்மன் தீர்ப்புக்குப் பின் ஒப்பந்தம் முடிந்த வீரர் விடுதலை பெற்றார். ஸ்பீடுவேயிலோ பழைய வழக்கம் நீண்டகாலம் தொடர்ந்தது. சுயதொழில் புரிபவரை மற்றொருவரின் சொத்து எனல் முரண் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேறு சொத்து எதுவும் இல்லாத கழகத்தின் ஏட்டில், இந்தப் பதிவுகளே மதிப்புள்ளவையாக நின்றன.

மூன்றாவது, தளவாடங்கள்: தடத்தைச் சீர்செய்யும் இழுவை வண்டி, தண்ணீர் வண்டி, வளைவுகளில் வீரர்களைக் காக்கும் காற்றுத் தடுப்பு, தொடக்க வாயில். நான்காவது, பெயரும் நிறமும் நற்பெயரும். கடைசியாக, தடத்தைப் பயன்படுத்தும் குத்தகை. பட்டியலில் கடைசியாக வைத்தாலும் மற்ற நான்கையும் தாங்கி நிற்பது இதுவே. குத்தகை முடிந்தால் உரிமம் வெறும் தாள். பதிவுகள் அவசர விற்பனைக்கு வரும். காற்றுத் தடுப்பைச் சுருட்டி வைக்கக்கூட இடமிருக்காது.

ஊர் மாறிய உரிமங்கள்

உரிமம் தடத்திலிருந்து பிரிக்கத்தக்கது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன. 1970ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளுக்காக மெடோபேங்க் அரங்கம் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, எடின்பரோ மொனாக்ஸ் அணி 1968இல் கோட்பிரிட்ஜ் நகருக்குப் பெயர்ந்தது. இரண்டு பருவங்களின் பின் அதன் லீக் உரிமம் விற்கப்பட்டது. அதனைக் கொண்டு 1970இல் இலண்டனில் வெம்பிளி லயன்ஸ் மீண்டும் எழுந்தது. ஸ்காட்லாந்து இரசிகர்கள் அணியை இழக்க, இலண்டன் இரசிகர்கள் அணியைப் பெற்றனர். வெம்பிளி அரங்கில் மற்ற நிகழ்ச்சிகளுக்கிடையே போதிய நாட்கள் கிடைக்காமையால் 1971உடன் அதுவும் முடிந்தது.

ஆக்ஸ்போர்டின் கதையும் இத்தகையதே. அங்கு அரங்கின் எதிர்காலம் ஐயத்துக்குள்ளானதால் அணி 1976இல் இலண்டன் வைட் சிட்டிக்குச் சென்றது. 1977இல் வைட் சிட்டி பிரித்தானிய லீக் பட்டத்தை வென்றது. ஆனால் மாபெரும் அரங்கில் சிறு கூட்டம், 1978உடன் மூடப்பட்டது. லீக்கில் அதன் இடம் ஈஸ்ட்போர்னுக்குப் போயிற்று. பட்டம் வென்ற மறு ஆண்டே மூடுவது, ஆக, 21ஆம் நூற்றாண்டின் புதுமையன்று.

நிலமும் குத்தகையும்

பிரித்தானியத் தடங்களில் பல, நாய்ப்பந்தய அரங்குகளுக்குள்ளோ ஸ்டாக் கார் பந்தய அரங்குகளுக்குள்ளோ அமைந்தவை. ஸ்பீடுவே அங்கே வாரம் ஒரு நாள் வரும் குடித்தனக்காரர். அரங்க உரிமையாளருக்கு நாய்ப்பந்தயத்தில் பந்தயப் பிடிப்புப் பணம் உண்டு. நகரம் வளர்ந்து அரங்கைச் சூழும்போது, நிறுத்துமிடத்துடன் கூடிய அந்த விரிந்த நிலத்தின் மதிப்பு எந்தப் பந்தயத்தாலும் எட்ட முடியாததாகிவிடுகின்றது.

இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. மான்செஸ்டரின் ஹைட் சாலையிலிருந்த பெல் வியூ அரங்கு 1987இல் விற்கப்பட்டு வாகன ஏல நிலையமாயிற்று. 1981லும் 1983லும் லீக் பட்டம் வென்ற கிரேட்லி ஹீத் அணியின் டட்லி வுட் அரங்கு 1995 பருவத்துடன் மூடப்பட்டு வீடுகளாயிற்று. எக்சிட்டரின் கவுண்டி கிரவுண்ட் ரக்பி கழகத்துக்குச் சொந்தமானது; ரக்பி கழகம் 2006இல் புதிய அரங்குக்குச் சென்றது, ஸ்பீடுவே 2005உடன் நின்றது. அதே 2005இல் விம்பிள்டனிலும் வாடகை உடன்பாடு கைகூடாமல் ஸ்பீடுவே நின்றது. லேக்சைட் அணி தன் தடத்தை 2018இல் இழந்தது.

வாகையரின் நிலை இன்னும் துலக்கமானது. வொர்க்கிங்டன் கொமெட்ஸ் 2018இல் இரண்டாம் மட்டத்தின் லீக் பட்டத்துடன் மேலும் இரு கிண்ணங்களையும் வென்றது. அந்தக் குளிர்காலத்திலேயே நிதிக் காரணங்களால் மூடப்பட்டது. சுவிண்டன் ராபின்ஸ் 2019இல் உயர்மட்டப் பட்டம் வென்றது. அதன் பின் ஆபி அரங்கில் அந்த அணி ஓடவில்லை, 2022இல் மீளப்போவதில்லை என அறிவிக்கப்பட்டது. பீட்டர்பரோ பாந்தர்ஸ் 2021இல் உயர்மட்டப் பட்டம் வென்றது. அது ஓடிய கிழக்கு இங்கிலாந்துக் கண்காட்சித் திடல் மறுவளர்ச்சித் திட்டத்துக்குள்ளானதால் 2023 அதன் கடைசிப் பருவமாயிற்று. அதே ஆண்டு, 2016இன் வாகையரான வுல்வராம்டனும் மொன்மோர் கிரீன் அரங்கிலிருந்து வெளியேறியது. அங்கு நாய்ப்பந்தயம் நடத்திய லேட்புரோக்ஸ் நிறுவனம் ஸ்பீடுவேக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

வொர்க்கிங்டனின் நிலை மற்ற மூன்றிலிருந்தும் வேறுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கு முடிவுக்குக் காரணம் நிலமன்று, வரவு செலவு. சிறிய ஊரில் பெரிய அணியை வைத்தால் மேலே காட்டிய கணக்கே அதனை முடித்துவிடும். மற்றவற்றில் வரவு செலவு ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தபோதே காலடியிலிருந்த நிலம் போயிற்று. இவ்விரண்டு நோய்களையும் ஒன்றாகக் கருதி மருந்து தேடுவது பிழையாகும்.

ஒலியும் சட்டமும்

குத்தகை உறுதியாக இருந்தாலும் அண்டை வீட்டார் உளர். மில்டன்ஹால் தடத்தைப் பற்றிய 'கவென்ட்ரி எதிர் லாரன்ஸ்' வழக்கு ஆங்கிலத் தொல்லைச் சட்டத்தில் முதன்மையான தீர்ப்புகளுள் ஒன்றாக விளங்குகின்றது. (தலைப்பிலுள்ள கவென்ட்ரி ஓர் ஆளின் பெயர், அவ்வூரின் ஸ்பீடுவே கழகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1970களில் திட்ட அனுமதி பெற்று இயங்கிய அரங்குக்கு அருகிலுள்ள வீட்டை 2006இல் வாங்கியவர்கள், இரைச்சல் குறித்து வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றத்தில் வென்று, மேன்முறையீட்டில் தோற்று, 2014இல் உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் வென்றனர். திட்ட அனுமதி இருப்பது மட்டுமே தொல்லை வழக்குக்கு எதிரான காப்பாகாது என்றும், அரங்கு முன்பே இருந்த இடத்துக்குத் தாமே வந்து குடியேறினர் என்ற வாதம் பொதுவாகச் செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதேவேளை, பந்தயத்தைத் தடைசெய்வதற்குப் பதிலாக இழப்பீடு வழங்குவதில் நீதிமன்றங்கள் முன்னைவிட நெகிழ்வாக இருக்கலாம் எனவும் குறிப்பிட்டது.

நிதி நோக்கில் இவ்வழக்கின் பாடம் செலவில் உள்ளது. இரைச்சலால் வீட்டின் மதிப்பில் ஏற்பட்ட குறைவு சுமார் 74,000 பவுண்டு எனக் கணிக்கப்பட்டது. வழக்காடிய செலவோ ஒரு தரப்புக்கே முதல் விசாரணையில் 10 இலட்சம் பவுண்டைத் தாண்டியது. இத்தகைய வழக்கு ஒன்று வரக்கூடும் என்ற அச்சமே கழகத்தை வாங்க நினைப்பவரின் விலையைக் குறைக்கப் போதுமானது.

யார் வாங்குகின்றனர்

இலாபம் இல்லையெனில் வாங்குவோர் ஏன் உளர் என்ற கேள்வி இயல்பானது. பெரும்பாலானோர் முன்னாள் வீரர்கள், இரசிகராக வளர்ந்து தொழிலில் பொருளீட்டிய உள்ளூரார். விளையாட்டின் மீதுள்ள பற்றே அவர்களின் முதல். பெரும்பாலும் அதுவே வட்டியும்.

பெருநிறுவனம் முயன்ற நிகழ்வும் உண்டு. உலக வாகையர் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ தொடரின் வணிக உரிமையை 2001 முதல் வைத்திருந்த பிஎஸ்ஐ நிறுவனம், 2006இல் ரெடிங் ரேசர்ஸ் கழகத்தை வாங்கி, அதன் பெயரை ரெடிங் புல்டாக்ஸ் என மாற்றி உயர்மட்ட லீக்கில் இறக்கியது. அவ்வாண்டே அணி இறுதியாட்டம் வரை சென்று பீட்டர்பரோவிடம் தோற்றது. களத்தில் இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது. ஆயினும் பிஎஸ்ஐ நெடுநாள் நிலைக்கவில்லை. 2008இல் புதிய உரிமையாளரின் கீழ் பழைய பெயருடன் கீழ்மட்டத்துக்குத் திரும்பிய அணி, அவ்வாண்டின் இறுதியில் ஸ்மால்மெட் அரங்கு மூடப்பட்டதும் தடமிழந்தது. கார்டிஃப் மிலேனியம் அரங்கில் ஆண்டுக்கு ஓரிரவு பல்லாயிரம் பேரைக் கூட்டத் தெரிந்த நிறுவனத்துக்கு, ரெடிங்கில் வாரந்தோறும் ஓராயிரம் பேரைக் கூட்டுவது வேறு தொழிலாக இருந்தது.

உரிமையாளரே அரங்கையும் வைத்திருந்தால் நிலை மேம்படும் என்பது உண்மை. கிளாஸ்கோவில் கழகத்தை எடுத்த உரிமையாளர்கள் ஆஷ்ஃபீல்ட் அரங்கிலும் பெருமளவு முதலிட்டனர். ஆனால் அதுவும் முழுக் காப்பன்று. சமர்செட் ரெபெல்ஸ் கழகத்தின் ஓக்ட்ரீ அரங்கு கழகத்தை நடத்தியவர்களுக்கே சொந்தமாயிருந்தது. அவர்கள் விலகியபோது அரங்கு வேறு மோட்டார் பந்தயத்துக்காக விற்கப்பட்டு, 2021 முதல் அங்கு ஸ்பீடுவே இல்லாமற் போயிற்று. தனியொருவரின் பற்றில் நிற்கும் கழகத்துக்கு, அவரது ஓய்வும் ஓர் இடர்தான்.

போலந்து, சுவீடன் ஒப்பீடு

போலந்தில் ஸ்பீடுவே முன்னணி விளையாட்டுகளுள் ஒன்று. அங்கு அரங்குகள் பெரும்பாலும் நகராட்சிகளுக்குச் சொந்தமானவை. டோருன் நகரில் 2009இல் திறக்கப்பட்ட மோட்டோஅரீனா இந்த விளையாட்டுக்கென்றே கட்டப்பட்டது. உயர்மட்ட எக்ஸ்ட்ராலிகாவைத் தனி நிறுவனம் நடத்துகின்றது. தொலைக்காட்சி ஒப்பந்தம் பெரியது. நகரங்கள் தம் பெயரைப் பரப்புவதற்கென நிதி தருகின்றன. நிலத்தைப் பற்றிய கவலை அங்கே குறைவு. ஆனால் பணம் மிகுந்தால் அதனை வீரர்களுக்கு வாரி வழங்கும் போட்டியும் மிகும். பன்முறை வாகையரான கோசூவ் ஸ்டால் கழகம் 2024 இறுதியில் கடுமையான கடன் நெருக்கடியில் சிக்கி, நகரத்தின் உதவியை நாட வேண்டியதாயிற்று. அரங்கு பறிபோகாது என்ற உறுதி, கணக்கைச் சரியாக வைக்கும் பழக்கத்தைத் தானாகத் தருவதில்லை.

சுவீடனில் கழகங்கள் உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கங்கள். அங்கு ஒரு கழகத்தை ஒருவர் விலைக்கு வாங்குவது என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. நட்டம் வந்தால் உறுப்பினர்களும் உள்ளூர் நிறுவனங்களும் கைகொடுக்கின்றனர். முடியாதபோது அணி கீழ்மட்டத்துக்கு இறங்குகின்றது.

திட்ட அனுமதியும் மீட்பு முயற்சிகளும்

பிரித்தானியாவில் 2010கள் முதல் போராட்டக் களம் நகரமைப்புச் சட்டமாக மாறியுள்ளது. இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கை, இருக்கும் விளையாட்டு வசதி தேவையற்றது என்று காட்டப்பட்டாலோ அதற்கு ஈடான மாற்று வழங்கப்பட்டாலோ அன்றி அதன்மீது கட்டடம் எழுப்புவதை ஊக்குவிப்பதில்லை. கவென்ட்ரி பீஸ் கழகத்தின் பிராண்டன் அரங்கு இதற்குச் சோதனையாக அமைந்தது. 1928 முதல் பந்தயம் நடந்த அவ்வரங்கில் கடைசி ஸ்பீடுவே 2016இல் நடந்தது. வளர்ச்சி நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அனுமதி கோரியது. அரங்கு கைவிடப்பட்டு, தீக்கும் சூறையாடலுக்கும் இரையானது. இரசிகர் இயக்கம் ஆண்டுக்கணக்காக எதிர்த்து நின்றது. 2022இல் ரக்பி நகரவை விண்ணப்பத்தை மறுத்தது. 2023 டிசம்பரில் மேன்முறையீடும் தள்ளுபடியானது. வீடு கட்ட இயலாத நிலம் விலையில் இறங்கும். இறங்கினால் மட்டுமே ஒரு பந்தய அமைப்பாளரின் கைக்கு எட்டும். இரசிகர்களின் வழக்கறிஞர் செலவு, இவ்வகையில், எந்த வீரரை வாங்கியதையும்விடப் பயனுள்ள முதலீடாக அமைந்தது எனலாம்.

மான்செஸ்டரில் நகரவையே முன்வந்து சுமார் 80 இலட்சம் பவுண்டு செலவில் தேசிய ஸ்பீடுவே அரங்கைக் கட்டி 2016இல் திறந்தது. தடம் ஆயத்தமாகாமையால் தொடக்க இரவின் பந்தயம் நடைபெறவில்லை. அதனை நடத்திய கழகம் அவ்வாண்டிலேயே நிதித் தொல்லைக்குள்ளாகி, அடுத்த பருவத்துக்குள் புதியவர் கைக்கு மாறியது. எனினும் அரங்கு பொதுச் சொத்தாக இருந்ததால் கழகம் மாறியும் பந்தயம் தொடர்ந்தது. கார்டிஃபில் நடந்துவந்த பிரித்தானிய கிராண்ட் பிரீ 2025இல் இங்கு வந்தது.

ஆக்ஸ்போர்டு அரங்கு 2012 இறுதியில் மூடப்பட்டது. அங்கு ஸ்பீடுவே அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. வீடுகள் கட்டும் திட்டம் வந்தபோது நகரவை 2014இல் அரங்கையும் சுற்றுப்புறத்தையும் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. புதர் மண்டிக் கிடந்த நிலத்தைப் பின்னர் நாய்ப்பந்தயத் துறையைச் சேர்ந்த ஒருவர் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தார். 2022இல் ஆக்ஸ்போர்டு சீட்டாஸ் மீண்டும் ஓடியது. 2024இல் அதே தடத்தில் உயர்மட்ட லீக்குக்கென ஆக்ஸ்போர்டு ஸ்பையர்ஸ் என்ற இரண்டாவது அணியும் தொடங்கப்பட்டது.